திருமூலர் பாட்டும் திதி வெண்பாவும்



மடத்துவெளி முருகன் சந்நிதிக்கு அணித்தாகக் கூடியிருக்கும் உங்கள் முன் யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சாவுப் பாட்டு. கோயில் வீதியிலே சாவைப் பேசலாமோ என்று ஐயுறுவாரும் உளர். பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்திலே, முதற்றந்திரத்தில், உபதேசத்தை அடுத்து நிற்பது யாக்கை நிலையாமை. திருமூல நாயனார் தாமே அங்ஙனம் முன்வைத்த பொருளை நாம் பின்னுக்குத் தள்ளுவது முறையன்று.

அப்பகுதியிலே ஊரார் கூடி அழுது சுட்டுத் தலைமுழுகி மறந்துபோவதைக் கூறும் பாட்டொன்று உண்டு. அது உங்களுள் யாவருக்கும் பாடம். ஆதலின் அதனை இங்கே ஓதாது விடுகின்றோம். பிள்ளைகளுக்கும் அதனை நீங்கள் கற்பித்திருப்பீர்கள். எவ்வாறு கற்பித்தீர்கள் என்பதே எம் வினா. யாம் கற்பித்த முறையைச் சொல்லிவிடுகின்றோம். நான்கடியையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வோரடியின் இரண்டாமெழுத்தின் கீழும் கோடு கீறி, “இது எதுகை” என்போம். பிள்ளைகளும் கீறுவார்கள். சோதனையிலே அதற்குப் புள்ளியுங் கிடைக்கும். இருபது ஆண்டுக்கு மேல் இப்படியே கழிந்தது. எவரும் எம்மைக் குறை கூறவில்லை. எம் குறையை எமக்குக் காட்டியவர் பள்ளிக்கூடம் சாராத ஒரு முதியவர். அவர் கதை பின்னே வரும்.

முதலிற் பாட்டை நோக்குவோம். முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாமெழுத்து ஒன்றிவருவது எதுகை என்று இலக்கணம் கூறும். இப்பாட்டின் நான்கடியும் நெட்டெழுத்தால் தொடங்குகின்றன. நான்கிலும் இரண்டாமெழுத்து ரகர வருக்கம். ஊர், பேர், சூரை, நீர் என்னும் நான்கு சொற்களே அடிகளின் தலையில் நிற்பன. இந்நான்கையும் மாத்திரம் தனியே சொல்லிப் பாருங்கள். சூரை என்பது சுடலையில் வளரும் முட்புதர். ஊரிலே தொடங்கி, பேரிலே தட்டி, புதர்க்காட்டுக்குச் சென்று, நீரிலே முடிகின்றது. ஒரு மனிதன் இறந்த பொழுது முதல் உறவினர் தோய்ந்து வீட்டுக்குட் புகும் பொழுது வரை நிகழ்வன எல்லாம் எதுகைச் சொற்களுள்ளேயே அடங்கிவிட்டன. பாட்டு எழுதி முடிந்தபின் மேலே ஒட்டிய அலங்காரமாக இவ்வெதுகை தோன்றவில்லை. பாட்டின் முதுகெலும்பே அதுதான்.

இரண்டாமடியிலே பேர் என்னும் சொல் இருமுறை வருகின்றது. முதற்சீரில் அதை எடுக்கிறார்கள். கடைச்சீரில் வேறொன்றை இடுகிறார்கள். ஒரு சொல் ஒரே பொருளிற் பின்னும் வருதலைச் சொற்பொருட் பின்வருநிலை என்று அணியிலக்கணம் கூறும். ஆனால் அணியின் பெயரைச் சொல்லி அப்பாற் போய்விடலாகாது. பேரிடுதல் என்பது பிறந்த பிள்ளைக்குச் செய்யும் மங்கலச் சடங்கின் சொல்லன்றோ? அச்சொல்லைப் பிணத்தின்மேல் வைத்திருக்கின்றார் நாயனார். தொட்டிலருகே செய்ததைப் பாடையருகே மறுபடியுஞ் செய்கிறார்கள். இரண்டு பேரும் ஊரார் இட்டவையே.

மோனையும் கருதத்தக்கது. முதலடியிலும் ஈற்றடியிலும் முதற்சீருக்கு மூன்றாஞ்சீர் மோனை; அது பொழிப்பு. இரண்டாமடியில் ஒன்று, மூன்று, நான்கு ஆகிய சீர்கள் ஒன்றுவதால் மேற்கதுவாய். மூன்றாமடியில் மாத்திரம் மோனை இடையிரு சீரையும் தாண்டிக் கடைச்சீரிலே போய் விழுகின்றது. காட்டுக்குக் கொண்டுசெல்லும் அடியும் அதுவே. வழியின் தூரத்தை ஓசையிலும் அமைத்தார் என்று ஒருவர் சொன்னால் யாம் மறுக்கமாட்டோம். நாயனார் எண்ணியே செய்தார் என்று சாதிக்கவும் மாட்டோம்.

யாம் மிகவும் வியப்பது தொடையைக் காட்டிலும் வினைமுடிபை. பாட்டு முழுவதும் ஒரே வாக்கியம். ‘என்று’ என்பதை நீக்கிச் செய்தென் எச்சங்களை எண்ணினால் ஏழு வருகின்றன. கூடுதல், அழுதல், நீக்குதல், இடுதல், கொண்டுபோதல், சுடுதல், மூழ்குதல் ஆகிய யாவும் எச்சமாய் நிற்கின்றன, எதுவும் முற்றவில்லை. முதல் மூன்றடிகளும் ஒரே இறுதியோசை கொண்டு இயைபு போல அடுக்கி வருகின்றன. நான்காமடி அவ்வோசையை விட்டுவிட்டு முற்றினால் முடிகின்றது. அம்முற்று யாது? மறத்தல். ஏழு செயல்களும் அந்த ஒன்றுக்குப் போகும் வழிகளாய்விட்டன. அழுகைகூட முற்றுப்பெறவில்லை, மறதி ஒன்றே முற்றுப்பெற்றது.

இனி, அழுதது யாரை? சுட்டது யாரை? பாட்டிலே தேடிப் பாருங்கள். ஊர் உண்டு, அது இடவாகுபெயராய் ஊராரைக் குறிக்கும். இறந்தவரைக் குறிக்கும் ஒரு சுட்டுப்பெயர்தானும் இல்லை. நீக்கப்பட்ட பேர் இன்னதென்றுங் கூறப்படவில்லை. ஊரார் செய்ததையே செய்யுளும் செய்துவிட்டது. உவமை இல்லை, உருவகம் இல்லை; கண்டதைக் கண்டவாறு கூறும் தன்மையணி ஒன்றே. இறுதி ஏகாரத்தை ஈற்றசை என்று எழுதினாற் சோதகர் ஏற்பார். எமது செவிக்கு அது தேற்றமாகவே கேட்கின்றது.

இங்கே ஒரு தடை நிகழும். உடம்புக்கு இட்ட பேர் உடம்போடு போவதில் என்ன குறை? ஆன்மாவுக்குப் பேரில்லை, வினைக்கீடாக எடுத்த உடம்புதோறும் ஒரு பேர் வந்து போகின்றது. அப்படியாயின் ஊரார் செய்தது சித்தாந்தத்துக்கு ஒத்ததேயன்றோ? ஒத்ததுதான். நாயனார் ஊராரை ஏசுகிறார் என்று பொருள் சொல்வாரோடு யாம் உடன்படோம். மறவாவிட்டால் உலகம் நடவாது. நீரிலே தோய்ந்தவன் அடுப்பு மூட்டவேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவேண்டும். நன்னீர் அரிதாகிய இத்தீவிலே அந்தத் தண்ணீருக்கே அரைநாட் பாடு உண்டு. நாயனார் பேசுவது கேட்பவனை நோக்கி: உன்னையும் இவ்வாறே விடுவார்கள், ஆதலின் விடாதவனை இப்பொழுதே பற்று என்பது. அது சாகப்போகிறவனுக்குச் சொன்னது. இருக்கப்போகிறவனுக்கு வேறு கடமை உண்டு. சிராத்தத்திலே சங்கற்பஞ் செய்யும் குருக்கள் பிதிரின் பேரைக் கேட்பார், திதியைக் கேட்பார். அங்கே ஆன்மாவுக்குப் பேரில்லை என்று விடைகூறி நிற்பதற்கில்லை.

இவ்விடத்திலே எம் இளமைக் கல்வி ஒன்றை நினைக்கின்றோம். யாம் படித்தது மிஷன் பாடசாலையில். அதனைக் குறையாகக் கருதுவார்க்கு, நாவலரவர்களும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று அங்கேயே கற்பித்தவர், பின்னரே 1848ல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார் என்று கூறி அமைவோம். அப்பாடசாலையில் எமக்கு ஆங்கிலம் புகட்டிய ஆசிரியர் தாமஸ் கிரே என்பவர் 1751ல் வெளியிட்ட கல்லறைத் தோட்டத்து இரங்கற்பாவை நெட்டுருப் பண்ணுவித்தார். 128 அடிகள். நந்நான்கு அடியாக 32 செய்யுள்; ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும் இறுதியில் ஒத்தொலிக்கும். அடியின் கடையிலே ஓசை ஒன்றுவதே அவர்கள் வழக்கம் என்றும், தமிழர் ஏனோ தலையிலே கட்டுகிறார்கள் என்றும் ஆசிரியர் நகைப்பார். யாமும் நகைத்தோம். கடையிற் கட்டினால் ஓசைக்குக் காத்திருக்கவேண்டும். தலையிற் கட்டினாலோ, முதலடியின் முதற்சொல்லைப் பிடித்தவன் அடுத்த அடியின் வாசலைத் தானே கண்டுகொள்வான். பாடமாக்குவார்க்கு எது உதவி என்பது அப்பொழுது எமக்குத் தெரியவில்லை.

ஆயினும் அப்பாவிலே ஓரிடம் எம் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஏழைக் குடியானவரின் கல்லறைகளிலே, கல்வியறிவில்லாத ஊர்ப்புலவன் ஒருவன் பொறித்த பேரும் ஆண்டுமே, புகழுக்கும் இரங்கற்பாவுக்கும் பதிலாக நிற்கின்றன என்று அவர் கூறுவார். அவர்களுக்குக் கல் உண்டு. சுட்டுச் சாம்பரைக் கரைக்கும் சைவராகிய எமக்குக் கல் எங்கே?

உண்டு; அது கடதாசியில் இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கும் சிறு நூலுக்குக் கல்வெட்டு என்று பேரிட்டவர் யாரோ, அவர் நுண்ணறிவினர். கல்லில்லாத கல்வெட்டு அது. அதன் முகப்பிலே திதி வெண்பா ஒன்று நிற்கும். ஆண்டின் பேர், மாதம், பூர்வபக்கமோ அபரபக்கமோ, திதி, இன்னார் சிவபதம் அடைந்தார் என்பன நான்கடிக்குள் அடங்கவேண்டும். கவிச்சுவை தேடுவார் அதனை மதியார். யாமும் ஒரு காலத்தில் மதித்திலேம். ஆனால் அது செய்யும் வேலையை எண்ணுக. சூரியனுக்குஞ் சந்திரனுக்கும் இடையே பன்னிரண்டு பாகை விலகுங் காலம் ஒரு திதி, மாதத்துக்கு முப்பது. ஆங்கிலத் தேதியோடு அது ஒட்டி நில்லாது, ஆண்டுதோறும் நகரும். ஆங்கிலத் தேதியை மாத்திரம் குறித்து வைத்தவன் சில ஆண்டில் திதியை இழப்பான். வெண்பாவைப் பாடமாக்கியவன் பஞ்சாங்கத்தை விரித்து நாளைக் கண்டுபிடிப்பான்.

1990களின் தொடக்கத்திலே போரினால் இத்தீவு மக்கள் பெயர்ந்தபோது பெட்டிகளும் உறுதிகளும் படங்களும் கைவிடப்பட்டன. கல்வெட்டுகளும் அவற்றோடு போயின. பிற்காலத்தில் தகப்பனாரின் திதியை அறியவேண்டி எம்மிடம் வந்தோர் பலர். தாயார் சொல்லக் கேட்டு வெண்பாவை வாயிலே வைத்திருந்தவர்களே பிழைத்தார்கள். நூல் போனபின்னும் எதுகை போகவில்லை. இன்று எம்மூரார் கனடாவிலும் பிரான்சிலும் இறக்கிறார்கள். தொறன்ரோவின் கடிகாரம் குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பத்தரை மணி பிந்தியது. அங்கே இறந்தவருக்கு இங்கே தேதி எது, திதி எது என்ற தடுமாற்றம் நாடோறும் உண்டு. அதனைத் தீர்த்து ஒரு செய்யுளிற் கட்டி வைப்பது இப்பொழுது முன்னையிலும் வேண்டற்பாலது.

சங்கச் சான்றோரும் இதனை அறிந்தவரே. புறநானூற்றின் 112ஆம் பாட்டு, தந்தையையுங் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் ஓரெழுத்தே வேறுபட்ட எதுகைச் சொற்களாலே எதிரெதிர் நிறுத்தினார்கள். கையறுநிலைத் துறையிலே நின்ற அப்பாட்டும் நிலாவைக்கொண்டு நாட்குறித்த பாட்டன்றோ?

இனி, முன்னே சொன்ன முதியவர் கதை. 2019ஆம் ஆண்டு, விகாரி வருடம், கார்த்திகை மாத அபரபக்கத் தசமியிலே எமக்குப் பெரியம்மா முறையான ஓர் அம்மையார் இவ்வூரிலே காலமானார். பிள்ளைகள் கடல்கடந்து இருந்தார்கள். அவர்கள் கேட்டபடி திதி வெண்பாவை யாமே யாத்தோம். விகாரி என்று முதலடியைத் தொடங்கினோம். இரண்டாமடிக்குத் தகைமை வந்தது. தனிச்சொல்லுக்குப் புகழ் வந்தது. மூன்றாமடிக்கு முகம், நான்காமடிக்கு அகம். நான்கடிக்கும் ஒரே எதுகை; ஒரு விகற்பத்து நேரிசை வெண்பா. வெண்டளை எங்கும் பிழைக்கவில்லை. அம்மையாரின் பேர் இவ்வெதுகைக்கு அடங்கவில்லை. அதன் இரண்டாமெழுத்து வேறு. ஆதலின் அதனை விடுத்து உத்தமி என்று அமைத்துக்கொண்டோம். செய்யுள் அழகாய் இருப்பதாக எமக்கே தோன்றியது. அச்சுக்குக் கொடுத்தோம்.

அந்தியேட்டியன்று அம்மையாரின் தங்கையார், எண்பது கடந்தவர், கண் மங்கியவர், தமக்கு ஒருமுறை வாசிக்கும்படி கேட்டார். வாசித்தோம். இன்னொருமுறை என்றார். வாசித்தோம். பின்பு கூறினார்:

“தம்பி, பாட்டு நல்லாய்த்தான் கிடக்கு. அக்கான்ரை பேர் எங்கை?”

“பேர் படத்துக்குக் கீழை கிடக்கு, சின்னம்மா” என்றோம்.

“எனக்குப் படம் தெரியாதே, ராசா. நான் பாட்டைத்தான் பாடமாக்கி வைப்பன். அதிலை ஆரெண்டு இல்லையே. ஆருக்கும் சொல்லலாம்.”

அவ்வளவே கூறினார், கோபமுமில்லை. யாம் கல்வெட்டைக் கையிற் பிடித்தபடி நின்றோம். இருபது ஆண்டாய்க் கோடு கீறிக் கற்பித்த திருமூலர் பாட்டின் இரண்டாமடி அப்பொழுதுதான் எமக்கு விளங்கியது. பேரை நீக்கி வேறு பேர் இட்டவர் ஊரார் மாத்திரமல்லர்; இலக்கணங் கற்ற யாமும் எதுகையின் பொருட்டு அதையே செய்துவிட்டோம். பிணம் என்பதற்குப் பதிலாக உத்தமி என்றோம், வேறுபாடு அவ்வளவுதான். நாயனாரின் எதுகை உண்மைக்கு ஏவல் செய்தது. எம்முடையதோ உண்மையைப் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டது.

இலக்கணம் எம்மை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. நேரிசை வெண்பா இரு விகற்பத்தாலும் வரும். முன்னிரண்டடியும் தனிச்சொல்லும் ஓரெதுகை, பின்னிரண்டடி வேறெதுகை. மூன்றாமடியை அவர் பேராலே தொடங்கி, அப்பேருக்கு ஒத்த எதுகையை நான்காமடிக்குத் தேடியிருக்கலாம். வழி திறந்தே கிடந்தது. நான்கடிக்கும் ஒன்றே என்று காட்டும் ஆசையே அதனை அடைத்தது. அன்றிரவே இருந்து திருத்தினோம். மூன்றாமடி அம்மையாரின் பேரால் தொடங்கியது. அதற்கு எதுகை நாடொறுந் தேடியும் வாராது என்று எண்ணியிருந்தோம். விளக்கு வைத்து நாழிகை ஒன்றாகுமுன் வந்துவிட்டது. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு இலக்கணகாரர் கூறிய வாய்பாடுகள் நாள், மலர், காசு, பிறப்பு என்பன. நாளிலே தொடங்கிப் பிறப்பிலே முடியும் அவ்வரிசையையும் அன்றிரவு முதன்முறையாக நின்று பார்த்தோம்.

ஆசிரியர்களே, உங்களிடம் யாம் வேண்டுவது ஒன்று. யாப்பு வகுப்பிலே எதுகைக்குக் கோடு கீறுவித்தபின், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி அவரவர் பாட்டன் பாட்டியாரின் பேரையும் திதியையும் கேட்டுவரச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டிலும் விடை கிடையாது. எமது வகுப்பிலே அப்படித்தான் நிகழ்ந்தது. தெரிந்தவர் யாரென்று தேடட்டும். பஞ்சாங்கத்தைக் கையிற் கொடுத்து நாளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பின்பு நான்கடி கட்டட்டும். தளை தட்டினால் தட்டட்டும். அதனைப் பிறகு திருத்தலாம். பேர் விடுபட்டதா என்று மாத்திரம் முதலிற் பாருங்கள். இவ்வாறு கட்டிப் பழகியவனுக்குத் திருமூலர் பாட்டைக் கற்பித்தால், இரண்டாமடியிலே அவன் தானே நின்றுவிடுவான். யாம் சொல்லவேண்டியதில்லை.

திருத்திய வெண்பாவை மறுநாட் காலையிற் சின்னம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தோம். விறாந்தையிலே இருந்தபடி, விரல் மடக்கி, நாலைந்து முறை சொல்லிப் பிடித்துக்கொண்டார். அடுத்த கார்த்திகையிலே திதியன்று போனபோது தாமே ஓதினார். ஆண்டு சரி, மாதம் சரி, பக்கமும் திதியும் சரி, மூன்றாமடியிலே தமக்கையாரின் பேர் முழுமையாய் நின்றது. தனிச்சொல்லை மாத்திரம் மாற்றிவிட்டார். புகழ் என்று யாம் வைத்த இடத்திலே எங்கடை என்று சொன்னார். எதுகை போயிற்று, ஓசையும் சற்றே முரிந்தது. அவர் அறியாமற் செய்தாரோ, அறிந்தே செய்தாரோ, யாம் கேட்கவில்லை. இப்பொழுது எமது கைப்படியிலும் அவ்விடத்தில் அச்சொல்லே இருக்கின்றது.